நிலமும் துப்பாக்கி உரிமமும்: மலையகத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

இலங்கையில் பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதை ஒழுங்குபடுத்தும் அடிப்படைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமாகும். உரிமமின்றித் துப்பாக்கியை உடைமையில் வைத்திருப்பதை அது குற்றமாக்குகிறது. உரிமம் எந்த மாதத்தில் பெறப்பட்டாலும் அவ்வாண்டு டிசம்பர் 31 ஆம் திகதியுடன் காலாவதியாகிவிடும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். காலனித்துவ ஆட்சி இயற்றிய இந்தச் சட்டம் குடியரசிலும் தொடர்கிறது. காலந்தோறும் வந்த திருத்தங்கள் அதன் இறுக்கத்தைக் கூட்டினவே தவிரத் தளர்த்தவில்லை.

இச்சட்டத்தின் கண்டிப்பு நாட்டுக்குத் தேவையானது. ஆனால் உரிமம் வழங்கும் நடைமுறை நில உடைமையை அடிப்படையாகக் கொண்டிருப்பதால், நிலமற்ற மலையகத் தோட்டத் தொழிலாளரின் பயிர்க்காப்புத் தேவை அதன் பார்வைக்கு வருவதில்லை. அத்தேவை சட்டத்துக்கு வெளியே சுருக்குக் கம்பியாகவும் கட்டுத்துவக்காகவும் வெளிப்படுகிறது. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களின் வரலாற்றையும் இன்றைய நிலையையும் கொண்டு இக்கட்டுரை இதை நிறுவ முயல்கிறது.

சட்டத்தின் அமைப்பு

பொதுமக்களுக்கான உரிமங்களைப் பெரும்பாலும் இரண்டு நோக்கங்களின் கீழ் வகுக்கலாம். முதலாவது பயிர்ப் பாதுகாப்பு. விவசாயிகள் பெறும் ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது. இதன் நிர்வாகம் மாவட்டச் செயலகத்தைச் சார்ந்தது. இரண்டாவது தனிநபர் பாதுகாப்பு. அரசியல்வாதிகள், வணிகர்கள் போன்றோர் பெறும் இவ்வகை உரிமம் பாதுகாப்பு அமைச்சின் மேற்பார்வையில் உள்ளது. 2024 இறுதியில் தனிநபர் பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு அமைச்சு பணித்தது. உரிமம் நிலையான உடைமை உரிமை அன்று என்பதை அந்நடவடிக்கை தெளிவாக்கியது. பொலிசாரும் முப்படையினரும் கடமைக்காக ஏந்தும் ஆயுதங்களுக்கு இந்த உரிம நடைமுறை பொருந்தாது.

இந்த இறுக்கத்துக்குப் பின்னால் கசப்பான அனுபவங்கள் உள்ளன. 1971 ஏப்ரலில் கிளர்ந்த மக்கள் விடுதலை முன்னணியினரின் கைகளில் இருந்தவற்றுள் பெரும்பகுதி வேட்டைத் துப்பாக்கிகளும் கையால் செய்த குண்டுகளுமே. 1987-89 காலத்திலும் வீடுகளிலிருந்த உரிமத் துப்பாக்கிகள் கிளர்ச்சியாளரால் பறிக்கப்பட்டன. வடக்குக் கிழக்கில் நிகழ்ந்த போர் தானியங்கித் துப்பாக்கிகளை நாடெங்கும் பரவச் செய்தது. படையை விட்டு ஓடியவர்கள் வழியாகவும் அவை குற்றக் கும்பல்களைச் சென்றடைந்தன. இச்சூழலில் வந்த 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளை உயர்த்தியது. தானியங்கித் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்தவர்களுக்கு நீதிமன்றங்கள் ஆயுள் தண்டனை விதிப்பது இத்திருத்தத்தின் அடிப்படையிலேயே. 2005 ஜூலையில் கைப்பற்றப்பட்ட ஆயுதங்கள் கொழும்பில் பகிரங்கமாக அழிக்கப்பட்டன.

துரைமாரின் துப்பாக்கி

மலையகத்தில் துப்பாக்கி தோட்டங்களோடு சேர்ந்தே வேரூன்றியது. கோப்பிக் காலத்துக்கு முன்னும் பின்னும் நுவரெலியாவைச் சுற்றிய காடுகள் ஆங்கில அதிகாரிகளின் வேட்டைக்களமாக இருந்தன. 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் உள்ளது. 1848இல் நுவரெலியாவில் குடியேற்றம் அமைத்த சாமுவேல் பேக்கர் தம் வேட்டை அனுபவங்களை நூலாக எழுதிப் புகழ்பெற்றார். காடு அழிந்து கோப்பியும் பின்னர் தேயிலையும் பரவியபோது, வேட்டைத் துப்பாக்கி தோட்ட அதிகாரியான துரையின் பங்களாவில் நிரந்தர உடைமையாயிற்று.

1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை உருவாக்கப்பட்டது. ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மட்டுமே அதில் சேரலாம். தென்னாபிரிக்கப் போருக்கும் முதல் உலகப் போருக்கும் வீரர்களை அனுப்பிய அப்படை 1949இல் கலைக்கப்பட்டது. வெளிநாட்டுப் போர்களில் அதன் பங்கு சிறிது. உள்நாட்டில் அதன் பொருள் பெரிது. நூற்றுக்கணக்கான தொழிலாளரை ஆண்ட ஒரு தோட்டத்தில் பயிற்சி பெற்ற, ஆயுதமேந்திய ஒரே மனிதர் பெரும்பாலும் துரையே. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் அதிகாரமும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யார் இருக்கலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரமும், துப்பாக்கியும் ஒரே கையில் குவிந்தன.

1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் ஐரோப்பியத் தொண்டர் படையினரும் துப்பாக்கியோடு அனுப்பப்பட்டனர்; விசாரணையின்றிப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் இதைக் கண்டித்ததோடு, 1916இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் அதே 1916ஐச் சேர்ந்தது. ஆட்சியாளர் பக்கத்துத் துப்பாக்கி கேள்விக்குள்ளான காலத்திலேயே ஆளப்படுவோரின் துப்பாக்கிக்கான ஒழுங்குவிதிகள் எழுதப்பட்டன.

முல்லோயாவும் டெவனும்

தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் துப்பாக்கிச் சூட்டோடு நினைவுகூரப்படும் இரு பெயர்கள் கோவிந்தனும் சிவனு லட்சுமணனும். ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் நடந்தபோது, 1940 ஜனவரி 10 ஆம் திகதி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் உயிரிழந்தார். நாடளாவிய எதிர்ப்பின் விளைவாக விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தொழிலாளர் தரப்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முதல் தியாகியாகக் கோவிந்தன் போற்றப்படுகிறார்.

முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்கு வழங்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டனர். 1977 மே 11 ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் சிவனு லட்சுமணன் கொல்லப்பட்டார். முல்லோயாவின் கோரிக்கை கூலி. டெவனின் கோரிக்கை நிலம். இரண்டு இடங்களிலும் துப்பாக்கி அரசின் கையிலிருந்தது. சுடப்பட்டவர் ஆயுதமற்ற தொழிலாளி.

1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் தாக்கப்பட்டபோதும் மலையக மக்கள் ஆயுதமின்றியே நின்றனர். துப்பாக்கி இருந்திருந்தால் காத்துக்கொண்டிருக்கலாமே என்று வாதிட இடமுண்டு. ஆனால் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த மலைகளில், ஒரு சில வேட்டைத் துப்பாக்கிகள் பாதுகாப்பைவிடப் பதிலடிக்கான காரணத்தையே தந்திருக்கும். மலையகம் தன் உரிமைகளை வென்றது வேறு வழியில். 1986 ஜனவரியில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் நடத்திய பிரார்த்தனைப் போராட்டம் தோட்டங்களை நிறுத்தி, குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டத்துக்கு வழிவகுத்தது. வேலைநிறுத்தமும் வாக்கும் சாதித்ததைத் துப்பாக்கி சாதித்திருக்காது. எனவே கண்டிப்பான சுடுகலன் சட்டம் மலையக மக்களின் நலனுக்கு முரணானதன்று. சட்டம் யாருடைய கையைக் கட்டுகிறது, யாருடைய கையைக் கட்டாமல் விடுகிறது என்பதே கேள்வி.

நிலமும் உரிமமும்

பயிர்க்காப்புத் துப்பாக்கி கோருபவர் தாம் பயிர் செய்யும் காணிக்கான சான்றைக் காட்ட வேண்டும். கிராம உத்தியோகத்தர், பொலிஸ் ஆகியோரின் அறிக்கைகளும் தேவை. காணி உறுதி உள்ள கிராமத்து விவசாயிக்கு இது அலைச்சல் மிகுந்த நடைமுறை. லயத்தில் வாழ்பவருக்கோ தொடங்கவே முடியாத நடைமுறை.

இதன் வேர் காணி வரலாற்றில் உள்ளது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றவராக்கியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது, அங்கு தலைமுறைகளாக உழைத்தோருக்கு நிலம் பகிரப்படவில்லை. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாறியது. குடியுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. காணிச் சிக்கல் தீரவில்லை. அண்மைக் காலத்தில் வழங்கப்பட்ட 7 பேர்ச் காணியும், 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட 10,000 இந்திய வீடுகளும் வரவேற்கத்தக்கவை. எனினும் அவை தருவது குடியிருப்பு மனை, பயிர்நிலம் அன்று.

ஆனால் தொழிலாளர் பயிர் செய்கின்றனர். லயத்தின் பின்புறத்திலும், தேயிலை கைவிடப்பட்ட சரிவுகளிலும் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு, போஞ்சி பயிராகின்றன. தோட்டச் சம்பளம் போதாத குடும்பங்களுக்கு இந்த மரக்கறித் துண்டே கடனை அடைக்கும் வழி. காட்டோரமாக அமைந்த இத்துண்டுகளைக் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் ஒரே இரவில் கிளறிவிடுகின்றன. இழப்பு உண்மையானது, ஆனால் காணி கம்பனியின் பெயரில் இருப்பதால், இழந்தவர் சட்டத்தின் கண்ணில் விவசாயி அல்லர்.

நிலத்தையும் துப்பாக்கியையும் இணைப்பது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் குடகில் கொடவர் இனத்தாருக்கும் ஜம்மா காணி உடையோருக்கும் காலனிக் காலம் முதல் ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அவ்விலக்கை ஏற்றது. அங்கும் அது பூர்விகக் காணியையும் குலத்தையும் பற்றிய சலுகை. கோப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்வோருக்கு அதில் இடமில்லை. ஒரு நாடு ஆயுதச் சட்டத்தைத் தளர்த்தினாலும் இறுக்கினாலும், நிலம் அளவுகோலாக இருக்கும்வரை நிலமற்றவர் வெளியேதான் நிற்பர்.

கட்டுத்துவக்கும் சுருக்குக் கம்பியும்

உரிமம் கிட்டாத தேவை சட்டத்துக்குப் புறம்பான வழிகளைத் தேடுகிறது. இரும்புக் குழாயில் வெடிமருந்தும் சன்னங்களும் இட்டு, விலங்கு நடக்கும் தடத்தருகே முளைகளில் கட்டி, குறுக்கே இழுத்த கம்பியால் விசையை இயக்கும் கட்டுத்துவக்கு அவற்றுள் ஒன்று. கம்பியை இடறுவது பன்றியா, விறகு பொறுக்கும் பெண்ணா என்று அது பிரித்தறியாது. மனிதர் இடறினால் பெரும்பாலும் கால்களே சிதைகின்றன. உலர்வலய மாவட்டங்களில் இது மிகுதி என்றாலும் மலையகமும் விலக்கன்று.

தேயிலைத் தோட்டங்களில் அதைவிடப் பரவலானது சுருக்குக் கம்பி. மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கம்பியே போதும். வெடிமருந்தும் வேண்டாம், செலவும் இல்லை. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை சிக்குகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், லக்சபான தோட்டத்தில் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை மீட்கப்பட்டும் சில நாட்களில் உடவளவையில் இறந்தது. சிவனொளிபாத மலைக் காட்டையும் காசல்ரீ நீர்த்தேக்கச் சூழலையும் ஒட்டிய தோட்டங்கள் இலங்கைச் சிறுத்தையின் வாழிடங்கள். இரை விலங்கு குறையும்போது சிறுத்தை லயத்து நாய்களைத் தேடி வருகிறது, கொழுந்து பறிப்போர் காயமடைகின்றனர், பகை வளர்கிறது.

இந்நிகழ்வுகளில் பிடிபடுவோரைத் தண்டிப்பது சட்டப்படி சரியானதே. ஆயினும் தண்டனை மட்டும் சுருக்கை ஒழிக்கவில்லை. இறைச்சிக்காக வேட்டையாடுவோரும் சுருக்கு வைக்கின்றனர் என்பது உண்மை. அவர்களுக்கு எதிரான கண்டிப்பு தொடர வேண்டும். பயிரிழப்பால் தூண்டப்படுவோருக்கு வேறு வழி காட்டப்படாதவரை, அவ்விரு சாராரையும் பிரித்தறிய அதிகாரிகளாலும் இயலாது.

செய்யத்தக்கவை

லயத்துக்கு லயம் துப்பாக்கி வழங்குவது தீர்வாகாது. மதுவும் கடனும் குடும்பப் பூசலும் நெருக்கும் பத்தடி அறைகளில் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்க இடமே இல்லை. வன்முறைக்கும் தற்கொலைக்கும் அது எளிய கருவியாகும். 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் அவுஸ்திரேலியா கட்டுப்பாட்டை இறுக்கியபோதும், பண்ணைத் தேவையை ஏற்கத்தக்க காரணமாக வைத்துக்கொண்டே பாதுகாப்பான சேமிப்பைக் கட்டாயமாக்கியது. தேவையை அங்கீகரித்தலும் கருவியைக் கட்டுப்படுத்தலும் ஒருங்கே இயலும் என்பதற்கு அது சான்று.

மலையகத்துக்குப் பொருந்தும் வழிகள் நான்கு. முதலாவது, காணி உறுதிக்குப் பதிலாக, உண்மையில் பயிர் செய்வதை உறுதிப்படுத்தும் பிரதேச செயலகச் சான்றைப் பயிரிழப்பு நட்டஈட்டுக்கும் பயிர்க்காப்பு உதவிக்கும் ஆதாரமாக ஏற்க வேண்டும். இரண்டாவது, துப்பாக்கி தவிர்க்க முடியாத இடங்களில் அதைத் தனியாருக்கு வழங்காமல், பல தோட்டங்களுக்குப் பொதுவான, பயிற்சி பெற்ற பயிர்க்காவலரிடம் ஒப்படைத்துப் பொலிஸ் நிலையத்திலேயே வைக்கச் செய்ய வேண்டும். மூன்றாவது, கட்டுத்துவக்கையும் சுருக்கையும் வழக்கின்றி ஒப்படைக்கக் கால அவகாசம் தந்து, வேலி அமைக்க உதவ வேண்டும். சுருக்கு அகற்றும் பணியில் வனசீவராசிகள் திணைக்களத்தோடு கம்பனிகளுக்கும் பொறுப்பு விதிக்க வேண்டும். நான்காவது, தொழில் தகராறுகளில் பொலிசார் துப்பாக்கி பயன்படுத்தினால் சுயாதீன விசாரணை தானாகவே தொடங்கும் விதி வேண்டும்; முல்லோயாவுக்கு ஆணைக்குழு கிடைத்தது மக்கள் போராடியதால்தான்.

இவை அனைத்துக்கும் அடிப்படை காணியுரிமை. பயிரிடும் நிலம் தொழிலாளியின் பெயரில் பதிவாகும்போது, வேலியிடவும் நட்டஈடு கோரவும் அதிகாரியின் கதவைத் தட்டவும் அவருக்குத் தகுதி பிறக்கிறது. துப்பாக்கிச் சட்டத்தின் கண்டிப்பை அப்படியே காத்துக்கொண்டு மலையகத்தின் பயிரையும் உயிரையும் காக்க வேண்டுமாயின், சீர்திருத்தம் சுடுகலன் கட்டளைச் சட்டத்தில் அல்ல, காணிச் சட்டத்திலேயே தொடங்க வேண்டும்.