கட்டைவிரலும் பழஞ்செருப்பும்

1916ஆம் ஆண்டு. ஐரோப்பா போர்க்களமாகி ஈராண்டுகள் கடந்துவிட்டன. அமெரிக்காவிலோ தேர்தல் களம். உட்ரோ வில்சன் மறுமுறையும் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கிறார். அவருடைய கட்சியினர் மேடைதோறும் முழங்கிய முழக்கம் ஒன்றுதான்: "போரில் சிக்காமல் நம்மைக் காத்தார்!" பிள்ளைகளைப் போருக்கு அனுப்ப அஞ்சியிருந்த பெற்றோர் அதைக் கேட்டனர், நெஞ்சம் குளிர்ந்தனர். வில்சன் வென்றார். 1917 ஏப்ரல் 2ஆம் நாள், அதே வில்சன் காங்கிரசின் முன் நின்று போர் தொடுக்க இசைவு கேட்டார். நான்கே நாட்களில் போர் அறிவிக்கப்பட்டது.

முழக்கம் பொய்யா? இல்லை, தோழர்களே! அதுதான் விந்தை. "காத்தார்" என்பது இறந்தகாலம். ஆங்கில மூலத்திலும் அப்படியே. "இனியும் காப்பார்" என்று அந்தத் தொடர் சொல்லவே இல்லை. கேட்டவர்கள் தாமே த் என்னும் இடைநிலையை எடுத்துவிட்டுப் ப் என்பதைப் போட்டுக்கொண்டனர்! காலம் காட்டும் இடைநிலைகளை நம் பள்ளிகளில் மனப்பாடம் செய்விக்கிறார்கள். ஒரு தேர்தல் முழக்கத்தைப் பலகையில் எழுதி, "இது எந்தக் காலம்? இதில் வாக்குறுதி எங்கே?" என்று கேட்கும் ஆசிரியர் எத்தனை பேர்?

போர் வந்தது, அதை மக்களுக்கு விற்க ஒரு துறையும் வந்தது. ஜார்ஜ் கிரீல் என்ற பத்திரிகையாளர் தலைமையில் பொதுச்செய்திக் குழு அமைக்கப்பட்டது. திரைப்படக் கொட்டகைகளில் படச்சுருள் மாற்றும் இடைவேளையில் எழுந்து நான்கு நிமிடம் போரின் பெருமை பேச, 75,000 பேச்சாளர்கள் நாடெங்கும் திரட்டப்பட்டனர். ஜெர்மன் மொழி பல பள்ளிகளிலிருந்து விரட்டப்பட்டது. ஜெர்மன் பெயர் தாங்கிய முட்டைக்கோசு ஊறுகாய்கூட 'சுதந்திரக் கோசு' ஆயிற்று! நகைக்கலாம், ஆனால் 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் காலின்சுவில் ஊரில் இராபர்ட் பிரேகர் என்ற ஜெர்மானியத் தொழிலாளியைக் கும்பலொன்று தூக்கிலிட்டுக் கொன்றதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தக் காய்ச்சல் பற்றியவர்களில் ஒருவர் கிளைடு மில்லர்; கிளீவ்லாந்து நகர நாளேட்டின் செய்தியாளர். 1918 ஜூன் 16இல் ஒகையோ மாநிலத்தின் கேண்டன் நகரில் சமதர்மத் தலைவர் யூஜின் டெப்சு போரைக் கண்டித்துப் பேசினார். அரசு அவர்மீது வழக்குத் தொடுத்தது. நீதிமன்றக் கூண்டேறி டெப்சுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் மில்லரும் ஒருவர். தீர்ப்பு: பத்தாண்டுச் சிறை. 1920 தேர்தலில் சிறைக்குள்ளிருந்தே குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று 9 இலட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்றார் அந்த முதியவர். 1921 டிசம்பரில்தான் விடுதலையானார்.

மில்லர் பின்னாளில் தம் செயலுக்கு வருந்தினார். வருந்தியதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத வேண்டியதில்லை. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1937இல் நியூயார்க்கில் பிரச்சார ஆராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்தார். பாஸ்டன் வணிகர் எட்வர்டு பைலீன் நிறுவிய அறநிதி முதலாண்டுக்கு 10,000 டாலர் தந்தது. நிலையம் திங்கள்தோறும் இதழ் வெளியிட்டது. ஆசிரியர்களுக்குக் கைந்நூல்கள் அனுப்பியது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அவை பாடமாயின.

பிரச்சாரத்தின் உத்திகள் ஏழு என்றது நிலையம். 1939இல் ஆல்பிரடு லீ, எலிசபெத் லீ இணையர் நிலையத்துக்காகத் தொகுத்த நூல் அவற்றுக்குச் சின்னங்கள் வகுத்தது. எதிரிக்கு இழிபெயர் சூட்டினால் கவிழ்ந்த கட்டைவிரல். சுதந்திரம், பண்பாடு என்று பளபளக்கும் பொதுச்சொல்லால் மயக்கினால் ஒரு மணிக்கல். "நானும் உங்களைப் போல் ஏழைதான்" என்று செல்வர் நடித்தால் பழஞ்செருப்பு! வேண்டியதை மட்டும் காட்டி வேண்டாததை மறைத்தால் சீட்டுக்கட்டின் ஏஸ். டெட்ராய்டு அருகிலிருந்து வானொலியில் யூத வெறுப்பை ஓதிவந்த பாதிரியார் காக்லினின் பேச்சை அச்சிட்டு, வரிகளுக்கிடையே அந்தச் சின்னங்களைப் பதித்தனர். இலட்சக்கணக்கானோர் உருகிக் கேட்ட பேச்சு, ஒரு மாணவன் விரல் வைத்துக் காட்டக்கூடிய வித்தையாகிவிட்டது.

நல்ல வேலை. ஆயினும் குறையற்றதன்று. சின்னம் ஒட்டப் பழகிய மாணவன் அதோடு நின்றுவிடும் இடர் உண்டு. ஒருவனை 'மோசடிக்காரன்' என்கிறார் பேச்சாளர். மாணவன் கட்டைவிரலைக் கவிழ்க்கிறான். அவன் உண்மையிலேயே மோசடிக்காரனாயிருந்தால்? உத்தி தெரிந்தது, உண்மை தெரியவில்லையே! "எல்லாம் பிரச்சாரம், எல்லோரும் பொய்யர்" என்ற சலிப்பில்தான் இப்பயிற்சி முடியும் என்று அந்நாளிலேயே குறை கூறினர். மேலும், மறைக்கப்பட்டது பேச்சுக்குள் இராது. ஏஸ் சீட்டை நோட்டீசையே உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எழுந்து போய் வரவு செலவுக் கணக்கை, பழைய ஏட்டை, மாற்றான் சொல்வதைப் படிக்க வேண்டும். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையப் பக்கங்களைக் கொடுத்து, செய்தி சரிபார்ப்பவர் 10 பேரையும், வரலாற்று அறிஞர் 10 பேரையும், மாணவர் 25 பேரையும் சோதித்தனர். அறிஞரும் மாணவரும் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே ஊன்றிப் படித்து ஏமாந்தனர். சரிபார்ப்பவர்களோ விரைவில் அதைவிட்டு வெளியேறி, அதை வெளியிட்டவர் யாரெனப் பிற இடங்களில் தேடினர். வென்றவர்கள் அவர்களே.

ஆனால் மில்லரின் நிலையத்தை வீழ்த்தியது இந்தக் குறையன்று. காக்லினைப் பிளந்து காட்டியபோது கைதட்டியவர்கள், சொந்த அரசின் போர் முழக்கத்துக்கும் அதே சின்னங்கள் பொருந்துமே என்றபோது முகம் சுளித்தனர். பணவரவும் வற்றியது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 ஜனவரியில் கடைசி இதழ். போர்க்காலத்தில் எல்லாப் பிரச்சாரத்தையும் ஒரே தட்டில் நிறுத்தால் தவறாகப் புரிந்துகொள்ளப்படும், அரசை எதிர்ப்போர் அதைப் பயன்படுத்திக்கொள்வர் என்று காரணம் கூறி, நிலையம் தானே கதவை மூடிக்கொண்டது. பகைவனின் பேச்சை அளக்க மட்டும் பயன்படும் கோல், அளவுகோலா? எந்தக் கட்சி மாணவனுக்கும் முதல் பயிற்சி அவன் கட்சியின் துண்டறிக்கையிலேயே தரப்பட வேண்டும் என்பேன்.

நிலையம் மூடிய மறுமாதம், பிப்ரவரி 19ஆம் நாள், ரூசுவெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். 'ஒற்றர்', 'நம்பத் தகாதோர்' என்று பெயர் சூட்டப்பட்ட ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் மேற்குக் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டு முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். பள்ளிப்பிள்ளைகளும் இருந்தனர். கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்ட இதழ் இல்லை. இராணுவத் தேவை அன்று, இன வெறுப்பும் போர் வெறியும் தலைவர்களின் தவறுமே காரணம் என்று அரசு அமைத்த ஆணையம் சொன்னது 1983இல். அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தரச் சட்டமியற்றியது 1988இல். அதற்குள் பலர் மாண்டுபோயிருந்தனர்.