மூன்றாவது கதிரை: 2002 சமாதானப் பேச்சும் நாமும்



இன்று தரம் 10 படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஓமந்தை என்றால் வவுனியா தாண்டி வரும் ஒரு பஸ் தரிப்பிடம். ஒரு காலத்தில் அங்கே ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்கியது போல இருந்தது என்றால் நம்பமாட்டார்கள். இந்தப் பக்கம் இராணுவச் சோதனைச் சாவடி, நடுவில் செஞ்சிலுவைச் சங்கம் நின்ற சூனியப் பிரதேசம், அந்தப் பக்கம் புலிகளின் சோதனைச் சாவடி. கடிகாரம் கூட மாறும். 1996இல் அரசாங்கம் இலங்கை நேரத்தை மாற்றியபோது புலிகள் பழைய நேரத்திலேயே நின்றார்கள். 2006 வரை இரண்டு பக்கத்துக்கும் அரை மணித்தியாலம் வித்தியாசம்.

ஆனாலும் நாடு முழுதாக அறுந்துபோகவில்லை. கிளிநொச்சியில் புலிகளின் நீதிமன்றமும் காவல்துறையும் இயங்கின. அதே வன்னியில் அரசாங்கக் கச்சேரியும் வேலை செய்தது. ஆசிரியர் சம்பளமும் சாதாரண தர வினாத்தாளும் கொழும்பிலிருந்தே வந்தன. இந்த மெல்லிய நூல்களைப் பிடித்துக்கொண்டு, சுடாமல் பேசி நாட்டை ஒன்றாக்க முடியுமா? 2002இல் நம் முன் இருந்த கேள்வி இதுதான்.

நோர்வே 2000ஆம் ஆண்டில், சந்திரிகா ஜனாதிபதியாக இருந்தபோதே அனுசரணையாளராக வந்தது. 2002 பெப்ரவரி 23இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் வே. பிரபாகரனும் ஒப்பமிட்ட யுத்தநிறுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டுக் கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். ஏப்ரலில் ஏ9 வீதி யாழ்ப்பாணம் வரை திறந்தது. பல வருடம் பிரிந்திருந்த உறவுகள் ஒன்றையொன்று கண்டன. மத்தியஸ்தம் செய்த நன்மை இது, மறுக்கக்கூடாது.

செப்டெம்பரில் தாய்லாந்தில் தொடங்கி 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனே வரை ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. டிசம்பரில் ஒஸ்லோவில் இரு தரப்பும் பெரிய ஓர் அடி வைத்தன. ஐக்கிய இலங்கைக்குள், உள்ளக சுயநிர்ணயத்தின் அடிப்படையில் சமஷ்டித் தீர்வொன்றை ஆராய இணங்கின. தனிநாடும் வேண்டாம், ஒற்றையாட்சியும் வேண்டாம், நடுவே ஒரு வழி தேடுவோம் என்பதே அதன் பொருள்.

இதில் நாம் எங்கே இருந்தோம்?

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், நாச்சிக்குடா எல்லாம் வெறிச்சோடின. 2002இல் நம்மவர்களில் பெரும்பாலோர் இன்னும் புத்தளம், கற்பிட்டி முகாம்களில். அந்த ஏப்ரல் 13ஆம் திகதி முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சிக்கு வந்து பிரபாகரனுடன் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பலாம், கிழக்கில் முஸ்லிம்களிடம் வரி அறவிடுவது நிற்கும், நம் விவசாயிகள் தம் வயல்களுக்குப் போகலாம், பேச்சில் முஸ்லிம்களுக்கும் இடமுண்டு என்றெல்லாம் பேசப்பட்டது. மீறினால் யார் கேட்பது? அதற்கு வழி இருக்கவில்லை. இரண்டே மாதத்தில் மூதூரிலும் வாழைச்சேனையிலும் கலவரம் வெடித்தது.

யுத்தநிறுத்த ஒப்பந்தத்தை வாசித்துப் பாருங்கள். உள்ளூர்க் கண்காணிப்புக் குழு ஒன்றில் ஐந்து பேர். அரசாங்கம் இருவர், புலிகள் இருவர், வெளிநாட்டவர் ஒருவர். முஸ்லிம்களுக்கென்று ஒரு கதிரை அதில் இல்லை. பேச்சு மேசைக்கும் ஹக்கீம் அமைச்சராக, அரசாங்கக் குழுவில்தான் போனார். 2003 ஜனவரியில் ஒலுவிலில் கூடியவர்கள் தனித்தரப்பு கேட்டது இதனால்தான். அது கடைசி வரை கிடைக்கவில்லை.

பேச்சு முறிந்ததற்கு நம்முடைய கதிரை மட்டும் காரணமல்ல. ஜனாதிபதியும் பிரதமரும் எதிரெதிர்க் கட்சிகளில் இருந்தார்கள். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை இடைநிறுத்தினார்கள். நவம்பரில் ஜனாதிபதி மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார். ஆனால் கீழே, வாழைச்சேனையில் பக்கத்து வீட்டாருக்கிடையே முறிந்ததை ஒஸ்லோவில் ஒட்ட முடியாது என்பதை நாம் கண்ணால் கண்டோம்.

சுனாமி இன்னொரு சந்தர்ப்பம் தந்தது. 2005 ஜூனில் வந்த பொதுக்கட்டமைப்பின் பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசாங்கத்துக்கு இரண்டு இடம். கதிரை கிடைத்தது, ஆனால் உடன்படிக்கையில் கையெழுத்திட நம்மைக் கூப்பிடவில்லை. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை நிறுத்தியது. அதே சுனாமி அடித்த ஆச்சேயில், 2005 ஓகஸ்டில் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. போராளிகள் தனிநாட்டைக் கைவிட்டு இந்தோனேசியாவுக்குள் சுயாட்சி பெற்றார்கள். இங்கே 2008 ஜனவரியில் யுத்தநிறுத்தமே முடிவுக்கு வந்தது. 2009 முள்ளிவாய்க்காலில் நாடு ஒன்றானது, எத்தனை ஜனாஸாக்களின் மேல் என்பது வன்னிக்குத் தெரியும்.

வட அயர்லாந்தில் 1996இல் பேச்சுக்கு முன் தேர்தல் வைத்து, பத்துக் கட்சிகளுக்கு மேசையில் இடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு ஒரு வாக்கு எடுத்த பெண்கள் கட்சியும் அமர்ந்தது. 1998இல் உடன்பாடு வந்ததும் அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களோடு மட்டும் பேசியிருந்தால் அந்த ஆதரவு கிடைத்திருக்காது.

இது பழைய கதை அல்ல. 1990இல் போன ஒரு குடும்பம் இன்று மூன்று நான்கு குடும்பம். முல்லைத்தீவில் காணிப் பிரச்சினை தீரவில்லை. அயலிலுள்ள தமிழ் உறவுகளும் காணி இழந்தவர்கள்தான். 2017இல் கேப்பாப்புலவு மக்கள் தம் நிலத்துக்காக மாதக்கணக்கில் வீதியோரத்தில் இருந்ததைப் பார்த்தோம். இரு தரப்பும் தனித்தனியாகக் கொழும்புக்கு மனு எழுதினால் இரு தரப்பும் காத்திருப்போம். பள்ளி நிர்வாகமும் கோயில் சபையும் ஒரே மேசையில் இருந்து பேசி, இணங்கியதை எழுதி, மீறினால் யாரிடம் முறையிடுவது என்பதையும் எழுத வேண்டும்.

அந்த மேசையிலும் ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் இருக்கிறார்களா? நம் பெண்கள் இருக்கிறார்களா? இல்லையென்றால் முதலில் இன்னும் இரண்டு கதிரை எடுத்துப் போடுவோம்.