பிளெயின்வியூவின் பறக்கும் அரசிகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், லபக், அமரில்லோ ஆகிய நகரங்களுக்கு இடையே பருத்தி விளையும் உயர்சமவெளியில் அமைந்துள்ளது பிளெயின்வியூ என்னும் சிற்றூர். அங்கு, மருத்துவர் ஜேம்ஸ் ஹென்றி வேலேண்டின் கொடையை அடித்தளமாகக் கொண்டு 1908இல் பட்டயம் பெற்ற வேலேண்ட் பாப்டிஸ்ட் கல்லூரி, 1981இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அக்கல்லூரியின் மகளிர் கூடைப்பந்து அணி 1953 நவம்பர் முதல் 1958 மார்ச் வரை தொடர்ந்து 131 ஆட்டங்களில் தோல்வியின்றி வென்றது.

இவ்வெற்றியின் அருமையை உணர அக்காலச் சூழலை அறிதல் வேண்டும். 1920களிலிருந்தே அமெரிக்கக் கல்லூரிகளில் உடற்கல்வித் துறையை வழிநடத்திய பெண் ஆசிரியர்கள், கடும் போட்டி பெண்களின் உடலுக்கும் பண்புக்கும் ஊறு விளைவிக்கும் என்று கருதி, கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்களைத் தவிர்த்தனர். அவற்றுக்கு மாற்றாக, பல கல்லூரி மாணவியரைக் கலந்து அணிகளாகப் பிரித்து, வெற்றி தோல்வியைப் பெரிதுபடுத்தாமல் விளையாடச் செய்யும் 'ஆட்ட நாள்' என்னும் முறையை வளர்த்தனர். ஆயினும் டெக்சாஸ், ஓக்லஹோமா, அயோவா முதலிய மாநிலங்களின் சிற்றூர் உயர்நிலைப் பள்ளிகளில் பெண்களின் கூடைப்பந்து ஊரே திரண்டு காணும் ஆட்டமாக நிலைத்திருந்ததால், பள்ளிப் படிப்பை முடித்த திறமையான பெண்களுக்குக் குறைவில்லை. அவர்களை ஏற்று ஆடவைக்கும் கல்லூரிகளே அரிதாயிருந்தன. செல்வமும் புகழும் மிக்க பெரிய பல்கலைக்கழகங்கள் நிரப்ப முன்வராத அந்த வெற்றிடத்தைச் சமயச் சார்புடைய இச்சிறு கல்லூரி நிரப்பியது என்பதே இவ்வரலாற்றின் மையச் செய்தி. விளையாட்டுத் திறனுக்காகப் பெண்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கிய மிகச் சில நிறுவனங்களுள் வேலேண்டும் ஒன்று. வேளாண் குடும்பங்களைச் சேர்ந்த பல பெண்களுக்குக் கல்லூரிக் கதவு இவ்வாறே திறந்தது.

அணியின் பெயருக்குக் காரணமானவர் கிளாட் ஹட்சர்சன் என்னும் உள்ளூர் வணிகர். வானூர்திப் பணி நிறுவனம் ஒன்றை நடத்திவந்த இவர், 1940களின் இறுதியில் அணியின் புரவலராகி, நெடுந்தொலைவு ஆட்டங்களுக்கு வீராங்கனைகளைப் பீச்கிராஃப்ட் பொனான்சா வகைச் சிறு விமானங்களில் அனுப்பிவைத்தார். பிற அணிகள் பேருந்திலும் காரிலும் சென்ற காலத்தில் வானில் பறந்து சென்றமையால், இவ்வணியினர் 'பறக்கும் அரசிகள்' எனப் பெயர் பெற்றனர்.

கல்லூரிகளுக்கெனத் தேசிய மகளிர் போட்டி இல்லாத நிலையில், ஊதியம் பெறாது விளையாடுவோருக்கான அமெச்சூர் அத்லெட்டிக் யூனியன் நடத்திய போட்டியே நாட்டின் தலைமைப் போட்டியாக விளங்கியது. அதில் ஆலைகளும் வணிகப் பள்ளிகளும் ஆதரித்த அணிகளை எதிர்த்து ஆடிய வேலேண்ட், 1954 முதல் 1957 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றது. 1958 அரையிறுதியில் நாஷ்வில் பிசினஸ் கல்லூரி அணியிடம் 46–42 என்ற கணக்கில் தோற்றபோதுதான் அந்த 131 ஆட்டங்களின் வெற்றித் தொடர் முறிந்தது. எனினும் மறு ஆண்டே பட்டத்தை மீட்ட இவ்வணி, 1975க்குள் மொத்தம் பத்துப் பட்டங்களைப் பெற்றது.

1955 முதல் 1973 வரை பயிற்சியாளராக இருந்த ஹார்லி ரெடினின் தொண்டு வெற்றிகளோடு நின்றுவிடவில்லை. பெண்களால் முழு ஆடுகளத்தில் ஓடியாட இயலாது என்ற எண்ணத்தில், அணிக்கு அறுவரை நிறுத்தி, அவர்களை ஆடுகளத்தின் இரு பாதிகளுக்குள் பிரித்து அடைத்து, பந்தைத் தட்டிச் செல்வதற்கும் வரம்பு விதித்திருந்த பழைய விதிகளை மாற்ற வேண்டும் என்று அவர் தொடர்ந்து வாதாடினார். ஐவர் முழுக்களத்தில் ஆடும் இன்றைய முறை அமெரிக்க மகளிர் ஆட்டத்தில் நிலைபெற்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு, 'டைட்டில் நைன்' எனப்படுவது, பெரிய பல்கலைக்கழகங்களையும் பெண்களின் விளையாட்டுக்குப் பொருள் ஒதுக்கச் செய்தது. நீதியின்பாற்பட்ட இம்மாற்றத்தால் சிறந்த வீராங்கனைகள் அப்பெரிய நிறுவனங்களை நாடத் தொடங்க, வழிகாட்டிய சிறு கல்லூரி பின்னிலைக்குச் சென்றது வருத்தத்திற்குரியது. அமெரிக்கப் பெண்களின் கல்லூரி விளையாட்டு 1972இல்தான் தொடங்கியது போல எழுதப்படும் வரலாறுகள் திருத்தப்பட வேண்டியவை. நைஸ்மித் கூடைப்பந்துப் புகழ் மன்றம் 2019இல் இவ்வணியைத் தன் பட்டியலில் சேர்த்தது. கனெக்டிகட் பல்கலைக்கழக மகளிர் அணி 2017இல் 111 தொடர் வெற்றிகளோடு நின்றுவிட்டதால், வேலேண்டின் 131 இன்றும் முறியடிக்கப்படாமலே உள்ளது.