ஒரு பாயிண்ட் என்ன விலை?

வீடு கட்டுகின்ற இடத்தில் சிறிது நேரம் நின்று கவனித்திருக்கிறீர்களா? கொத்தனார் சுவரை அளக்கிறார். தச்சர் மரத்தைக் கன அடியில் கணக்கிடுகிறார். ஆனால் வயரிங் வேலைக்கு வருகின்ற ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் அளவு நாடாவை எடுப்பதே இல்லை. அறை அறையாக நடந்து, "இங்கே ஒரு லைட், இங்கே ஒரு பேன், இங்கே ஒரு பிளக்" என்று எண்ணிக்கொண்டே வருகிறார். முடிவில், "மொத்தம் இருபத்திரண்டு பாயிண்ட்; பாயிண்டுக்கு இவ்வளவு" என்று தொகையைச் சொல்லிவிடுகிறார்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. கம்பியை மீட்டர் கணக்கில் வாங்குகிறோம். குழாயும் நீளத்தைப் பொறுத்தே விலை. அப்படியிருக்க, வேலைக்கு மட்டும் தலைக்கணக்கில் விலை வைப்பது ஏன்? விடை காண நாம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1879-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கலிபோர்னியா எலெக்ட்ரிக் லைட் கம்பெனி வில் விளக்குகளுக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியது. கட்டணம், விளக்கு ஒன்றுக்கு வாரம் 10 டாலர். எவ்வளவு மின்னாற்றல் செலவாயிற்று என்பது கணக்கில் இல்லை. எத்தனை விளக்குகள் என்பதே கணக்கு. 1882 செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க்கில் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோதும், அதன் அளவைச் 'சுமார் 400 விளக்குகள்' என்றே குறித்தார்கள். மின்சாரத்தைக் கண்ணால் காண முடியாது. விளக்கை எண்ண முடியும்!

எடிசன் விரைவில் ஒரு மீட்டரைப் பயன்படுத்தினார். துத்தநாக சல்பேட்டுக் கரைசலில் துத்தநாகத் தகடுகள் அமிழ்ந்திருக்கும். மின்னோட்டத்தினால் தகட்டின் எடை மாறும். மாதம் ஒருமுறை தகட்டை நிறுத்துப் பார்த்துக் கட்டணம் போட்டார்கள். மின்னாற்பகுப்பைப் பற்றிய பாரடேயின் விதியைப் படித்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இவ்வாறு மின்சாரம் அளவைக்கு உட்பட்டது. ஆனால் கம்பி இழுக்கும் வேலைக்கு அத்தகைய மீட்டர் எதுவும் வரவில்லை. அங்கே எண்ணிக்கைக் கணக்கே நிலைத்துவிட்டது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் அக்காலத்தவர் உணர்ந்தே இருந்தார்கள். அதே 1882-இல் லண்டனில் தந்திப் பொறியாளர்கள், மின்னியலார் ஆகியோரின் சங்கம், மின்விளக்குகளால் தீப்பிடிக்காமல் தடுப்பதற்கான விதிகளை வெளியிட்டது. பிரிட்டனில் இன்றும் பின்பற்றப்படும் வயரிங் விதிகள் அதன் வழிவந்தவையே.

நம் நாட்டில் 1899-இல் கல்கத்தாவில் மின் வழங்கல் தொடங்கியது. தமிழகத்தில் 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையமும் 1937-இல் மேட்டூரும் மின்சாரத்தைப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்றன. அந்நாளைய வீடுகளில் மரப்பள்ளத்தில் கம்பியை வைத்து மேலே மரமூடி பொருத்தினார்கள். பிறகு மரச்சட்டத்தின் மேல் கம்பியைக் கிளிப்பால் பிடித்தார்கள். அதன்பின் சுவருக்குள் புதைக்கும் குழாய் வந்தது; இரும்புக் குழாய் போய்ப் பி.வி.சி. குழாய் வந்தது. செம்புக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் அலுமினியக் கம்பி வந்தது. பின்னர் மீண்டும் செம்பு வந்தது. பாயிண்டின் உள்ளடக்கம் இத்தனை முறை மாறியும் 'பாயிண்ட்' என்ற சொல் மட்டும் மாறவில்லை.

இந்த முறை பிழையானதா? இல்லை. இதன் அடிப்படை சராசரி. ஒரு வீட்டில் சில விளக்குகள் சுவிட்சுக்கு அருகிலும் சில தொலைவிலும் இருக்கும். இருபது பாயிண்டுகளில் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் இரண்டே பாயிண்டு உள்ள சிறு வேலையில் சராசரி உதவாது. ஏணியைக் கொண்டுவருவதும் சுவரை வெட்டுவதும் பாதி நாள் போவதும் இரண்டு பாயிண்டுக்கும் ஒன்றே, ஐந்துக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சிறு வேலைக்குப் பாயிண்டு விலை கூடுவது நியாயமே. அதைப் பேராசை என்று சொல்ல முடியாது.

அப்படியானால், மிகக் குறைந்த விலை சொல்பவர் எதைக் குறைக்கிறார்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 15 மீட்டர் தொலைவில் 2000 வாட் நீர்சூடேற்றி இருக்கிறது. மின்னழுத்தம் 230 வோல்ட்; எனவே மின்னோட்டம் 8.7 ஆம்பியர். போக வர 30 மீட்டர் செம்புக் கம்பி. அதன் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர் என்றால் மின்தடை சுமார் 0.51 ஓம், கம்பியில் வீணாகும் வெப்பம் சுமார் 39 வாட். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் அது சுமார் 15 வாட் மட்டுமே. இரண்டும் ஒரே பாயிண்டுதான்! பூச்சு முடிந்த சுவரைப் பார்த்து எது எந்தக் கம்பி என்று சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமானது எர்த் கம்பி. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சமையலறையில் மூன்று பாயிண்டுகள் கூடுதலாகப் போட்டோம். மூவரிடம் விலை கேட்டு, மிகக் குறைவாகச் சொன்னவரிடம் வேலையைக் கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கிரைண்டரைத் தொட்ட என் தாயார் தூக்கி எறியப்பட்டார். நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை. பலகையைக் கழற்றிப் பார்த்தேன். பிளக்கில் மூன்று துளைகள் இருந்தன. மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. இயற்பியல் கற்பிக்கும் நான் அன்று வெட்கப்பட்டேன். நான் பாயிண்டை எண்ணினேனே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

கருவியின் உலோக உடலில் மின்கசிவு ஏற்பட்டால், எர்த் கம்பி மிகக் குறைந்த தடையில் மின்னோட்டத்தை நிலத்துக்குக் கொண்டுசெல்லும். பியூஸ் எரிந்து இணைப்பு துண்டிக்கப்படும். அக்கம்பி இல்லையென்றால் அந்த வழி நம் உடலாகிவிடும். உடலின் வழியே 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்வது உயிருக்கே உலை வைக்கக்கூடும். எர்த் கம்பி இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், கிரைண்டர் சுற்றும். அதனால்தான் அதை விட்டுவிடுவது இவ்வளவு எளிதாக இருக்கிறது.

உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே வயரிங் செய்ய வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கூறின. 2010-இலும் 2023-இலும் வந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் அவ்விதிகளின் இடத்தைப் பிடித்தன. மத்தியப் பொதுப்பணித் துறையும் பாயிண்டுக் கணக்கிலேயே விலை வைக்கிறது. ஆனால் ஒரு பாயிண்டில் எவையெவை அடங்கும் என்பதை முதலில் எழுதி வரையறுத்துவிடுகிறது.

நாமும் அதையே செய்யலாம். அடுத்த முறை ஒருவர் "பாயிண்டுக்கு இவ்வளவு" என்று சொன்னால், விலையைப் பேசுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். கம்பி எத்தனை சதுர மில்லிமீட்டர்? பிளக் ஒவ்வொன்றுக்கும் எர்த் கம்பி உண்டா? சுவிட்சும் பலகையும் இந்த விலையில் சேர்ந்தவையா? வேலை முடிந்தபின் எர்த் இணைப்பைக் கருவி கொண்டு சோதித்துக் காட்டுவீர்களா? விடைகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவரைப் பூசிய பிறகு, உள்ளே இருப்பதைச் சொல்ல அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.