பெட்டியைத் திறக்கும் உரிமை

1909ஆம் ஆண்டில் ஆனந்த குமாரசுவாமி வெளியிட்ட ‘தேசிய இலட்சியக் கட்டுரைகள்’ என்னும் ஆங்கில நூலிலே கிராமபோனைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை உண்டு. உயிருள்ள பாடகனின் இடத்தை ஓர் இயந்திரம் பிடித்துக்கொள்வதை அவர் அதில் வன்மையாகக் கண்டித்தார். அக்கண்டனத்தை வெறும் பழைமைப் பற்றென்று தள்ளிவிடுவதற்கில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவருடைய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் வெளிவந்திருந்தது. கண்டிப் பிரதேசத்துக் கொல்லரும் தட்டாரும் தச்சரும் ஓவியரும் என்ன செய்தனர், எவ்வாறு செய்தனர் என்பதை அருகிருந்து கண்டு பதிவு செய்த நூல் அது. மன்னனுக்கும் கோயிலுக்கும் ஆற்றிய ஊழியத்துக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்த அக்கைவினைஞர், 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர் ஆதரவிழந்து நலிந்தனர். அந்த நலிவைக் கண்ணாரக் கண்ட ஒருவர் கப்பலேறி வந்த பாட்டுப் பெட்டியைக் கண்டு மகிழ்ந்திருந்தாலன்றோ வியப்பு!

அவரே பிறிதோரிடத்தில், கருவிக்கும் இயந்திரத்துக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைத் தொழிலாளி நன்கறிவான் என்று எழுதினார். கம்பளம் நெய்யும் கைத்தறி கருவி. அது கைக்குத் துணை செய்கிறது. விசைத்தறியோ இயந்திரம்; அது கையின் வேலையைத் தானே செய்துவிட்டுக் கையை வேலையற்றதாக்குகிறது. இந்த அளவுகோலை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆயினும், கண்டியிலும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிலும் நூறாண்டுக் காலம் ஒலித்த பாட்டுப் பெட்டிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அதனோடு இன்னுமொரு வினாவைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பெட்டி பழுதானபோது அதனைத் திறந்து பார்க்கும் உரிமையும் அறிவும் யாரிடம் இருந்தன? பொருளொன்று மனிதனுக்குக் கருவியா, அவனை ஆளும் இயந்திரமா என்பதை இவ்வினாவுக்குரிய விடையே பெரிதும் தீர்மானித்தது என்பது நமது கருத்து.

கையிலே தூக்கிச் செல்லும் கிராமபோனை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ நிறுவனம் 1931இல் வெளியிட்ட 102ஆம் இலக்கப் பெட்டி இவ்வகையில் பெயர் பெற்றது. இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே சுருள்வில் இறுகும். அது தளரும் விசையிலே தட்டுச் சுழலும். வேகம் கூடாமலும் குறையாமலும் இருப்பதற்குச் சிறு எடைகள் பொருத்திய கட்டுப்பாட்டு உறுப்பொன்று உண்டு. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி அதிர, அவ்வதிர்வு மெல்லிய தகடொன்றை அசைத்து ஒலியாகும். மறைவென்று எதுவுமில்லை. மூடியைக் கழற்றிப் பார்ப்பவனுக்கு எதனால் எது இயங்குகிறது என்பது கண்ணெதிரே விளங்கும். சுவர்க் கடிகாரத்தைத் திருத்தத் தெரிந்த கைக்கு இது அந்நியமன்று. இறுகிய சுருள்வில்லை அவசரப்பட்டு வெளியே எடுத்தால் அது பாய்ந்து கையைக் கிழித்துவிடும் என்பதை மட்டும் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் அதனை வாங்கும் வசதி யாருக்கு இருந்தது? துரை பங்களாவிலும், நகரத்துச் செல்வர் இல்லங்களிலும், மிஞ்சினால் பெரிய கங்காணியின் வீட்டிலும் அது இருந்தது. இசைத்தட்டுக்கு வேண்டிய அரக்கை இந்தியக் காடுகளிலே ஏழை மக்கள் சேகரித்தனர். 1928 முதல் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் ஆலையிலே தொழிலாளர் தட்டுகளை அழுத்தி எடுத்தனர். கொழுந்து பறித்தவர்களோ பங்களாவின் மதிலுக்கு வெளியே நின்று பாட்டைக் கேட்டனர். உழைப்பு ஓரிடத்திலும் இன்பம் வேறோரிடத்திலும் இருந்த காலம் அது. பெட்டி எவ்வளவு எளிதாகத் திறக்கத்தக்கதாயினும், அது வீட்டில் இல்லாதவனுக்கு அதனால் என்ன பயன்?

வானொலியின் கதை இதனின்றும் வேறானது. நம் நாட்டு வானொலியே பிரித்தெடுத்த இயந்திரம் ஒன்றின் பிள்ளை என்பதைப் பலர் அறியார். கொழும்புத் தந்தி அலுவலகத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய துணைவரும் சோதனை ஒலிபரப்பை நடத்தினர். கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே அந்த ஒலிபரப்பி உருவாக்கப்பட்டது என்பது வரலாறு. அன்று காற்றில் ஏறியதும் கிராமபோன் இசையே. 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. போர்க்கருவியைப் பாட்டுக் கருவியாக்கிய அந்தச் செயலை நாம் சிறிதென்று கருதவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு வந்து பேராதனைப் பூங்காவில் அமர்ந்தது. அப்படைகளுக்கெனக் கொழும்பில் நிறுவப்பட்ட பலம் வாய்ந்த சிற்றலை நிலையமே போருக்குப் பின்னர் இலங்கை வானொலியின் கைக்கு வந்து, அதன் குரலைக் கடல் கடந்தும் கொண்டு சென்றது.

குரல் கடல் கடந்தது. லயத்தின் வாசலைக் கடப்பதற்குத்தான் காலம் பிடித்தது. அக்கால வானொலிப் பெட்டி வால்வுகளால் இயங்குவது. அதற்குள்ளே உயர்ந்த மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் சேமித்து வைத்து ஆளை அடித்து வீழ்த்தும் உறுப்புகள் உண்டு. அதனைத் திறப்பது பயிற்சி பெற்றவனின் வேலை. மேலும் லயக் காம்பிராவில் மின்சாரம் ஏது? 1950இல் நோட்டன் பிரிட்ஜில் லக்ஷபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. பின்னர் 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டது. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. மலைநாட்டு நீர் ஒளியாகி நாடெங்கும் சென்றது. மின்கம்பிகள் லயங்களுக்கு மேலாகவும் சென்றன; கூரைக்குக் கீழே பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

இந்நிலையிலேதான் டிரான்சிஸ்டர் வந்தது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிராட்டைன், ஷாக்லி ஆகியோரின் ஆய்வில் பிறந்த அச்சிறு பொருள், 1954இல் அமெரிக்காவிலும் 1955இல் ஜப்பானிலும் கையடக்க வானொலியாகச் சந்தைக்கு வந்தது. நான்கைந்து டிரான்சிஸ்டர்களும் சில பற்றரிகளும் இருந்தால் போதும். சுவரில் மின்சாரம் வேண்டியதில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அது மெல்ல மெல்லத் தோட்டங்களுக்குள் நுழைந்தது. ஒரு வீட்டில் வாங்கியதை லயமே கேட்டது. இஸ்தோப்பில் வைத்த பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடினர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்ட மக்கள், அந்நாட்டின் பெயரைத் தாங்கிய வானொலியைத் தம் சொந்த வானொலியாகக் கொண்டாடினர். 1964 ஒப்பந்தத்தின்படி தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் காதுகளிலும் அக்கரையிலே அதே குரல் ஒலித்தது. இதனை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

இப்பெட்டி பழுதானபோது என்ன நேர்ந்தது என்பதே நமக்கு முக்கியம். வால்வுப் பெட்டியைப் போல் இது ஆளைக் கொல்லாது. ஒன்பது வோல்ட் மின்னழுத்தம் விரலைக்கூடச் சுடாது. ஆகவே, பயமின்றித் திறக்கலாம். பின்மூடியின் திருகாணியைக் கழற்றத் திருப்புளி இல்லையேல் ஒரு சதக் காசு போதும். பெரும்பாலான பழுதுகள் எளியவை. பற்றரி கசிந்து தகட்டில் பூத்த உப்பைச் சுரண்டினால் ஒரு பெட்டி பேசும். அறுந்த கம்பியை அடுப்புத் தணலில் காய்ச்சிய இரும்பாலும் சிறிது பற்றாசாலும் இணைத்தால் இன்னொன்று பேசும். நிலையம் மாற்றும் நூல் அறுந்திருந்தால் அதனை எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்றுச் சுற்றுவது என்று கண்டுபிடிப்பது ஒரு புதிர். பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும் சிறு திருகுகளைக் கண்டபடி திருப்பினால் நிலையங்கள் யாவும் காணாமற்போகும் என்பது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய ஒழுங்கிலே உறுப்புகளை வரிசையாக வைத்து, பின்னர் அவ்வரிசையைத் தலைகீழாகத் தொடர்ந்து பூட்ட வேண்டும் என்பது முதல் விதி. காரணத்திலிருந்து காரியத்துக்கும் காரியத்திலிருந்து காரணத்துக்கும் நடந்து பழகும் இந்தப் பயிற்சிக்கு வேறு பெயர் விஞ்ஞானம்.

தோட்டப் பாடசாலைகளில் அன்று விஞ்ஞான கூடங்கள் இல்லை. அப்பாடசாலைகள் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்தே அரசின் பொறுப்புக்கு வந்தன. ஐந்தாம் வகுப்போடு கொழுந்து மடுவத்துக்கும் மலைக்கும் அனுப்பப்பட்ட பிள்ளைக்கு மின்சுற்று என்பதைக் கற்பித்த ஒரே ஆசான் பழுதான பெட்டிதான். பேராதனையிலே, 1964இல் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பொறியியற் பீடம் கூப்பிடு தூரத்தில் எழுந்தது. ஹந்தானை மலைச்சரிவின் ஒருபுறம் பல்கலைக்கழகமும் மறுபுறம் லயங்களும் இருந்தும், இரண்டுக்கும் இடையே பாதை இருக்கவில்லை. திறமை குறைந்ததனாலா அப்பாதை அமையவில்லை? அல்ல என்பதைத் திருத்தப்பட்ட ஒவ்வொரு பெட்டியும் சாட்சி கூறிற்று.

இதைக் கொண்டு வறுமையைப் போற்றிப் பாட நாம் முற்படவில்லை. அறுபதுகளிலும், 1970 முதல் 1977 வரையிலும், அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. புதியது கிடைக்காதபோது பழையதைத் திருத்தும் கலை வளர்ந்தது உண்மை. ஆனால் அதே காலத்தில், 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில், தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. வேறு வழியின்மையால் பிறந்த திறமை வேறு. உரிமையால் வளர்க்கப்படும் திறமை வேறு. முன்னதை நாம் மதிக்கிறோம், பின்னதையே வேண்டுகிறோம்.

1977இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு கசெட் பெட்டிகள் பெருகின. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கசெட், மத்திய கிழக்கில் வேலை தேடிச் சென்றோரின் பெட்டிகளோடு மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தது. அவருள் பலர் பெண்கள். தோட்டத்தில் ஆணுக்குச் சமமான நாட்கூலியைப் பெண் பெற்றது 1984இலேதான். அவள் அந்நிய வீட்டில் ஊழியம் செய்து வாங்கி வந்த பெட்டியைத் திறக்கும் வேலையோ ஆணுக்கே உரியதென்று கருதப்பட்டது. உரிமை பற்றிப் பேசும்போது இந்த அநீதியை மறைக்கலாகாது. கசெட் பெட்டியும் திறக்கத்தக்கதே. பின்புறத்தில் நான்கைந்து திருகாணிகள். உள்ளே மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பட்டி. பட்டி தளர்ந்தால் பாடகர் அழுதுகொண்டு பாடுவார். காந்தத் தலையில் படிந்த நாடாத் தூளை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தால் மங்கிய குரல் தெளியும். வெளியே இழுபட்ட நாடாவைப் பென்சிலால் சுற்றி உள்ளே அனுப்பாத மாணவர் அத்தலைமுறையில் உண்டோ? 1979இல் ஜப்பானில் வெளியான முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்பதற்கு இரண்டு செவிக்கருவித் துளைகள் இருந்தன. லயமே கூடிக் கேட்ட பாட்டு இருவரளவில் சுருங்கியது, பின்னர் ஒருவரளவில்.

2001இல் ஐபாட் வந்தது. ஆயிரம் பாட்டுகள் சட்டைப்பைக்குள் அடங்கின. ஆனால் பற்றரியை மாற்றுவதற்கு ஒரு மூடிகூட இல்லை. பற்றரி தளர்ந்தால் பெட்டியே தளர்ந்ததாயிற்று. இதனை எதிர்த்து அமெரிக்காவில் பாவனையாளர்கள் தொடுத்த வழக்கில் 2005இல் அந்நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது. ஆயினும் போக்கு மாறவில்லை. திருகாணியின் இடத்தைப் பசை பிடித்தது. எஞ்சிய திருகாணிகளுக்கும் கடையில் கிடைக்காத திருப்புளி வேண்டியதாயிற்று. இன்றைய லித்தியம் பற்றரியைக் கூரிய கருவியால் நெம்பினால் தீப்பிடிக்கும் என்பதும் உண்மையே. ஆனால் கழற்ற முடியாதபடி அதனை ஒட்டி வைக்கும்படி இயற்கை விதி எதுவும் கட்டளையிடவில்லை. திருத்தப்பட்ட பெட்டி புதிய பெட்டியின் விற்பனையைக் குறைக்கிறது. இலாபமே அங்கு பசையாக நிற்கிறது.

கருவி முழு இயந்திரமாகிவிடும் இடம் இதுவே. ஆனால் இதற்குக் காரணம் நுணுக்கம் மட்டுமென்று கொள்வது தவறு. கிராமபோனைவிட டிரான்சிஸ்டர் நுணுக்கமானது. எனினும் அதுவே மக்கள் கையில் அதிகமாகத் திறந்தது. மூடுவதும் திறப்பதும் மனிதர் செய்யும் முடிவுகள். ஆகவே, அவற்றை மனிதர் மாற்றவும் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமை பற்றிய சட்டவிதியை நிறைவேற்றியிருப்பது இதற்குச் சான்று. அந்நியச் செலாவணி வற்றிய 2022ஆம் ஆண்டை மறக்காத நமது நாட்டுக்கு இவ்வுரிமை இன்னும் அவசியமானது. உதிரி உறுப்புகளையும் சுற்றுப்படங்களையும் விற்பவர் தர வேண்டும் என்னும் கோரிக்கை இங்கும் எழ வேண்டும்.

அதுவரை ஆசிரியரும் மாணவரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் கற்பிக்கும் மரபு இந்நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேலாக உண்டு. தடை, சுருள், மின்னோட்டம், மின்னழுத்தம் என்று சொற்களும் நம்மிடம் உண்டு. வீடுகளின் மூலையில் கிடக்கும் பழைய கசெட் பெட்டிகளும் வானொலிகளும் இவற்றுக்கு ஏற்ற பாடநூல்கள். கம்பளையிலோ கலகாவிலோ புசல்லாவையிலோ ஒரு வகுப்பறை மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் அமர்த்தி, முதல் திருகாணியை அவர்கள் கையாலேயே கழற்றச் செய்வோம்.