அகழியும் அணுவும்

பாலக்காட்டில் வாழும் நமக்குக் கோட்டை மைதானம் மாலையில் காற்று வாங்கும் இடம். அகழி நீரும் அமைதியாகவே கிடக்கிறது. எனினும் அப்பெருமதில் அச்சத்தில் எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கோவைச் சமவெளியையும் மலபாரையும் இணைப்பது பாலக்காட்டுக் கணவாய். இவ்வழியைக் காக்கவே ஐதர் அலி 1766இல் இக்கோட்டையை அமைத்தார். வலிய கோட்டையைக் கண்டால் பகைவர் விலகுவர் அன்றோ? நிகழ்ந்தது வேறு. 1768இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். சில திங்களில் ஐதர் மீட்டார். 1783இல் கர்னல் புல்லர்ட்டனின் படை மீண்டும் பிடித்தது. 1784 மார்ச்சில் ஏற்பட்ட மங்களூர் உடன்படிக்கைப்படி, பிடித்த இடங்களைத் திருப்பித் தர இருதரப்பாரும் இசைந்தனர். கோட்டை மைசூருக்கு வந்தது. ஆறாண்டுகூட நிறையவில்லை. 1789 டிசம்பரில் திப்பு திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கினார். 1790இல் பாலக்காட்டுக் கோட்டை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பகைவரைத் தடுக்க எழுந்த கோட்டையே அவர்களை ஈர்க்கும் இலக்காயிற்று.

திருக்குறளில் அரணின் பெருமை பேசும் அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், செயல்திறம் அற்றவர்க்கு அரண் உதவாது என்றே எச்சரிக்கிறார்.

இக்காலத்து அரண் அணுகுண்டு. 1974இல் பொக்ரானில் முதற்சோதனை நிகழ்த்திய இந்தியா, 1998 மே மாதம் மீண்டும் சோதித்தது. அம்மாதமே பாகிஸ்தானும் சோதித்தது. இனிப் போரே இல்லை என்றனர் சிலர். மறு ஆண்டே கார்கில் போர் மூண்டது. பின்னர் அதனை ஆராய்ந்த குழுவின் தலைவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம். 2003 ஜனவரியில் இந்தியா தன் கொள்கையை அறிவித்தது: அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை, பதிலடிக்கு ஆணையிடும் உரிமை பிரதமர் தலைமையிலான அரசியல் மன்றத்திற்கே உண்டு. வல்லமையினும் அதனை அடக்கும் முறைமையே பெரிது என்பதன்றோ இதன் பொருள்?

இம்முறைமைக்கு மற்றொரு சான்றும் உண்டு. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என இரு நாடுகளும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பமிட்டன. அது 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1992 முதல் புத்தாண்டு நாளில் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறி வருகின்றனர். கார்கில் போருக்குப் பின்னும் அவ்வழக்கம் அறுபடவில்லை.

கோப்புகளிடையே வாழும் எழுத்தராகிய நாம் இதனை நன்குணர்வோம். உரிய நாளில் உரிய இடம் சேரும் ஒரு தாள் சிறியதன்று. மதிலால் காக்க இயலாத அமைதியை, தவறாத அத்தாள் சிறிதளவேனும் காத்து நிற்கிறது. அகழியோரம் நடக்கையில் நாம் எண்ணத்தக்கது இதுவே.