மேட்டு நிலமும் திராட்சச்செடியும்

தியானப் பகுதி: ஏசாயா 5:1-7



ஏசாயா பாடிய திராட்சத்தோட்டம் செழுமையான ஒரு குன்றின்மேல் இருந்தது. யூதேயாவின் நிலத்தை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். வேவுகாரர் குலை அறுத்த எஸ்கோல் எபிரோனை அடுத்தது. எபிரோன் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 930 மீட்டர் உயரத்திலுள்ள சுண்ணாம்புக்கல் மலைநாடு. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். பகல் வெயில் கனிக்கு இனிப்பைத் தரும். இரவின் குளிர் அதன் புளிப்பைக் காக்கும். இரண்டும் ஒத்திருந்தால்தான் திராட்சரசம் சுவைபெறும்.

திருச்சபை வரலாற்றில் இதைக் கூர்ந்து கண்டவர்கள் சிஸ்டெர்சியன் துறவிகள். 1098இல் பிரான்சின் பர்கண்டியில் சீட்டோ மடம் தோன்றியது. அருகிலுள்ள வூழோவில் அவர்கள் மதில்சூழ்ந்த தோட்டம் அமைத்தனர். செடி ஒன்றே, சரிவும் ஒன்றே. ஆயினும் அடிவாரத்தின் ஆழ்ந்த, ஈரமான மண்ணில் ரசம் மெலிந்தது. நடுச்சரிவில், சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்து நீர் வடியும் மண்ணில், திடமும் மணமும் பெற்றது. மண் தன் சுவையைக் கனிக்குள் ஊற்றுவதில்லை. வேருக்கு வேண்டிய நீரையும் வெப்பத்தையும் அளந்து கொடுக்கிறது. மிகுதியாய்ப் பெற்ற செடி இலையாய்ப் பெருகும். அளவாய்ப் பெற்ற செடி கனியில் முதிரும். இத்தோட்டப் பிரிவுகளை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது.

நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கோ ஏறக்குறைய 400 மீட்டர் உயரமே. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் உறங்கும் செடிக்கு இங்கே உறக்கமில்லை. விவசாயி கவாத்துச் செய்யும் நாளே அதற்குப் புதுப்பருவம். ஆகவே ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் அயல்நாட்டு இனம். அதுவே 2023இல் கம்பத்தின் பெயரால் புவிசார் குறியீடு பெற்றது.

ஊரப்பாக்கத்தில் நம்மில் பலர் வேறு மண்ணிலிருந்து பெயர்த்து நடப்பட்டவர்கள். "ஊரில் இருந்தவரை ஜெபித்தோம், இங்கே மின்சார ரயிலும் வேலையுமே வாழ்க்கை" என்று மண்ணைக் குறைகூறுகிறோம். மண் கனியின் தன்மையை மாற்றும் என்பது மெய்யே. ஆனால் ஏசாயாவின் தோட்டத்திற்கு நல்ல மேடும் நற்குலச் செடியும் இருந்தும் கசப்பே விளைந்தது. கர்த்தர் அங்கே தேடியது நியாயம். அவர் கேட்டதோ ஒடுக்கப்பட்டோரின் முறையீடு. நம் வீட்டில் வேலை செய்பவரும், நம் வீட்டில் குடியிருப்பவரும் நம்மிடம் காணும் நியாயமே இந்த மண்ணில் அவர் தேடும் கனி.

ஜெபம்: ஆண்டவரே, நீர் எங்களை நட்ட இடத்திலேயே உமக்கேற்ற கனிதரக் கிருபை தாரும். ஆமென்.